கார்த்திகையில் நட்டதை ஆவணியில் எண்ணுங்கள்

2018 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சீ.ஆர். கொப்பி ஒன்றையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு போய், ஒன்பது மாதங்களுக்கு முன் எங்கள் ஊரில் நட்ட கன்றுகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். நட்டது 640. உயிரோடு நின்றது 53.

எண்ணி முடிய மத்தியானமாகிவிட்டது. நிற்கிற கன்றை எண்ண நேரம் எடுக்காது. பட்டுப்போனதைத் தேடித்தான் எண்ண வேண்டும். சில இடங்களில் காய்ந்த தடி நின்றது. சில இடங்களில் குழி மட்டும் இருந்தது. கோயிலுக்குத் தெற்கே உள்ள தறைக் காணியில் குழி எது, வெறும் நிலம் எது என்றே தெரியவில்லை. நட்ட அன்று எடுத்த படங்களைக் கைபேசியில் பெருப்பித்துப் பார்த்துத்தான் இடம் பிடித்தேன். அந்தப் படங்களில் சின்னப்பிள்ளைகள் எல்லாரும் கையில் கன்றோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதில் பாதிப்பேர் என் வகுப்புப் பிள்ளைகள். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் அவர்கள் "எத்தினை நிக்குது ரீச்சர்?" என்று கேட்டால் என்ன சொல்வது என்ற யோசனையோடுதான் வீட்டுக்கு வந்தேன். கேட்டார்கள். சொன்னேன். ஒரு பிள்ளை தன் கன்று அந்த 53க்குள் இருக்கிறதா என்று பார்க்க அன்று பின்னேரமே சைக்கிளில் போயிருக்கிறாள். இல்லை.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் இருக்கிறது. 1990 ஆனியில் போரால் இடம்பெயர்ந்தோம். 2016இல் இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டது. 26 வருடங்களுக்குப் பிறகு திரும்பி வந்தபோது வேலி எது, ஒழுங்கை எது என்று தெரியாத அளவுக்கு இப்பில் இப்பில் பற்றைகளும் நாயுண்ணியும் மூடிக் கிடந்தன. கிணற்றைக் கண்டுபிடித்துத்தான் எங்கள் வளவை அடையாளம் கண்டோம். அம்மா கிணற்றுக் கட்டில் கையை வைத்தபடி, "இதிலை ஒரு பூவரசு நிண்டது, அதிலை வேம்பு, படலையடியிலை இலுப்பை" என்று ஒவ்வொரு வெற்றிடமாகக் காட்டினார். வீடு போனதைப் பற்றி அவர் அன்று பேசவே இல்லை. மரங்களைப் பற்றித்தான் பேசினார். அதனால்தான் அடுத்த வருடம் ஊரவர்கள் மரநடுகை என்று பேச்செடுத்தபோது நான் முன்னுக்கு நின்றேன். எங்களுக்குக் கார்த்திகை என்றால் நவம்பர். வடமாகாண சபையும் அதையே மரநடுகை மாதம் என்று அறிவித்திருந்தது. வெளிநாட்டில் இருக்கிற ஊர்ச்சனம் காசு அனுப்பினார்கள். கன்றுகள் ரக்டர் பெட்டியில் வந்து இறங்கின. ஒரே நாளில் 640ஐயும் நட்டு முடித்தோம். மழை பெய்துகொண்டிருந்தது. எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது என்று நினைத்தேன்.

அந்த ஆவணி ஞாயிறு நான் செய்த இன்னொரு வேலை, பட்டுப்போன கன்றுகளில் ஒரு இருபதை மண்வெட்டியால் கிளப்பிப் பார்த்தது. எனக்கு மரத்தைப் பற்றி யாராவது ஏதாவது படிப்பித்தது உண்டென்றால் அந்த இருபது கன்றுகள்தான். ஒன்பது மாதம் மண்ணுக்குள் இருந்தும் அவற்றின் வேர் வெளியே வரவில்லை. மண்கட்டி பையின் உருவத்திலேயே இருந்தது. பையின் அடியைத் தொட்ட ஆணிவேர் வளைந்து, திரும்பி, தன்னைத் தானே சுற்றிக் கயிறு முறுக்கியதுபோல் கிடந்தது. மூன்றுக்குப் பொலித்தீன் பைகூடக் கழற்றப்படவில்லை. அவசரத்தில் பிள்ளைகள் பையோடு வைத்திருக்கிறார்கள், நாங்கள் கவனிக்கவில்லை. வேறு சிலவற்றில் குழியின் அடியில் கல். ஒரு அடி செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் தட்டு. தட்டில் வைத்த சோறுபோல வேர் அதன் மேல் உட்கார்ந்திருந்தது.

நாங்கள் தெரிந்தெடுத்ததெல்லாம் பெரிய கன்றுகள். நாலடி உயரம், நல்ல இலை. படத்துக்கு வடிவாக இருக்கும், சீக்கிரம் மரமாகும் என்று நினைத்தோம். நாலடிக் கன்று சின்னப் பைக்குள் எத்தனை மாதம் நின்றிருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. மேலே இலை பெருகப் பெருக அதற்குத் தண்ணீர் கூடத் தேவை, கீழே அதைக் கொடுக்க வேர் இல்லை. மாரி முடிந்து தை, மாசியில் மேல்மண் காயத் தொடங்குகிறது. வேர் கீழே இறங்கும் வேகமும் மண் மேலிருந்து கீழே காயும் வேகமும் ஒன்றோடொன்று ஓடுகின்றன. வேர் முந்தினால் கன்று தப்பும். எங்கள் கன்றுகள் ஓடத் தொடங்கவே இல்லை.

அன்று பின்னேரம் கிணற்றடியில் இருந்தபோதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். சேதமான மதிலுக்கும் நாயுண்ணிப் பற்றைக்கும் இடையில் வேப்பங்கன்றுகள், பதினொன்று. ஒருவரும் நடவில்லை. ஒருவரும் ஒரு சிரட்டை தண்ணீர்கூட ஊற்றவில்லை. அத்தனை சோளகத்திலும், அந்த வரண்ட தென்மேற்குக் காற்றிலும், பச்சைப்பசேல் என்று நின்றன. காகம் வேப்பம்பழத்தைத் தின்றுவிட்டு மதிலில் இருந்து போட்ட கொட்டைகள். ஒன்றைக் கிளப்பிப் பார்க்கலாம் என்று தோண்டினேன். கன்று என் முழங்கால் உயரம்கூட இல்லை. இரண்டடி தோண்டியும் வேரின் நுனி வரவில்லை. கல்லில் ஒரு வெடிப்பைக் கண்டு அதற்குள் இறங்கிவிட்டிருந்தது. தோண்டியது பாவம் என்று தோன்றி மண்ணைத் திரும்ப மூடினேன். அது தப்பிவிட்டது. இப்போது கூரைக்கு மேலே நிற்கிறது.

காகம் நட்டது ஏன் பிழைத்தது? விழுந்த இடத்திலேயே முளைத்ததால் ஆணிவேர் ஒருநாளும் வளையவில்லை. பற்றை நிழல் கொடுத்தது. பற்றையின் முள் ஆட்டைத் தூர நிறுத்தியது. அதன் சருகு மண்ணின் ஈரத்தைப் பிடித்து வைத்தது. நாங்களோ நடுகைக்கு முதல் பெக்கோ இயந்திரம் பிடித்துப் பற்றை முழுவதையும் வழித்துத் துடைத்துவிட்டுத்தான் குழி வெட்டினோம். துப்புரவாக இருக்க வேண்டும் என்று நினைத்தோம். உண்மையில் கன்றுக்கு வேண்டிய குடையையும் வேலியையும் பாயையும் காசு கொடுத்து அழித்தோம்.

அதனால் மரம் நட விரும்புகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: கன்று வாங்கப் போவதற்கு முன், உங்கள் காணியைக் குனிந்து பாருங்கள். மாரி முடிகிற நேரம் பழைய மரங்களுக்குக் கீழேயும் வேலியோரத்திலும் தானாக முளைத்தது எவ்வளவு இருக்கும்! வேம்பு, நாவல், விளா, மஞ்சவண்ணா. அதைச் சுற்றி நாலு பனங் கறுக்குமட்டையை ஊன்றி விட்டால் போதும். செலவில்லை. கன்றுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எந்த நாற்றுமேடையும் கொடுக்க முடியாது. பற்றையை முழுதாக வெட்டாதீர்கள். நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடம் மட்டும் வெட்டி அதற்குள் நடுங்கள். மரம் பற்றையைத் தாண்டி வளர்ந்த பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

தண்ணீர்க் கணக்கு நான் முதல் வருடமே போட்டிருக்க வேண்டியது. கணிதம் படிப்பிக்கிற ஆளாக இருந்தும் போடவில்லை. ஒரு கன்றுக்கு ஒரு தடவை 8 லீற்றர், கிழமைக்கு இரண்டு தடவை என்று வையுங்கள். 640 கன்றுக்கு ஒரு தடவைக்கு 5,120 லீற்றர். கிழமைக்கு 10,240. மாசியிலிருந்து புரட்டாதி வரை 32 கிழமை. மொத்தம் 3,27,680 லீற்றர். ஆயிரம் லீற்றர்ப் பவுசர் என்றால் முந்நூற்றுச் சொச்சம் நடை. எந்த நிகழ்ச்சி நிரலிலும் இந்தக் கணக்கு இருக்கவில்லை. குழி வெட்டு கூலி இருந்தது, கன்றின் விலை இருந்தது, பதாகைக்கும் குளிர்பானத்துக்கும் காசு ஒதுக்கியிருந்தோம். தண்ணீர் என்ற சொல்லே இல்லை.

அதோடு இது யாழ்ப்பாணம். ஓடுகிற ஆறு இல்லாத குடாநாடு. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும்தான் ஆறு. எங்கள் கிணற்றில் இருப்பது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வானம் கொடுத்தது. அது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி, கீழே இருக்கிற உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே வரும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் குடிக்கவும் குளிக்கவும் அந்தத் தண்ணீர்தான். அதில் மூன்றேகால் இலட்சம் லீற்றரை எடுத்துச் சாகப்போகிற கன்றுகளுக்கு ஊற்றுவது நியாயமில்லை. ஆகவே எனக்கு இப்போது ஒரே கணக்குத்தான் தெரியும். எத்தனை கன்று நடலாம் என்று கன்றை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. ஊற்றப்போகிற கைகளை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். ஒரு ஆள் களைப்பில்லாமல் ஒரு பின்னேரத்தில் முப்பது கன்றுக்கு ஊற்றலாம். எங்களிடம் அதைச் சொன்னபடி செய்யக்கூடிய ஆட்கள் மூன்று பேர் இருந்தால் ஒரு தடவைக்கு 90 கன்று. அவ்வளவுதான். அந்தத் தொண்ணூறும் இரண்டு ஆவணியைத் தாண்டிவிட்டால் பிறகு தண்ணீர் தேவையில்லை, கைகள் அடுத்த தொண்ணூறுக்குப் போகும்.

ஊற்றுகிற விதத்தையும் பிழையாகத்தான் செய்தேன். முதல் வருடம் தப்பிய 53க்கும் தினமும் விடிய ஒரு சின்ன வாளி தெளித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வளவு அப்பு, எண்பது வயதைத் தாண்டியவர், தோட்டம் செய்தே வாழ்ந்தவர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கொஞ்ச நாள் பார்த்தார். பிறகு பொறுக்க மாட்டாமல் வந்தார்.

"பிள்ளை, உதென்ன, தேவாரத்துக்குத் தீர்த்தம் தெளிக்கிறமாதிரி?"

"அப்பு, ஒவ்வொரு நாளும் ஊத்துறன்தானே."

"அதுதான் பிழை. மேலை மேலை ஈரம் கண்டால் வேர் மேலையே கிடந்து பழகிப்போடும். பேந்து நீ ஒரு கிழமை வராட்டில் என்ன செய்யும்? நாலு நாளைக்கு ஒருக்கால் ஊத்து. ஊத்தினால் நிறைய ஊத்து. பேந்து ஆறு நாள், பேந்து பத்து நாள் எண்டு தள்ளிக்கொண்டு போ. தண்ணியைத் தேடி அது கீழை போகோணும்."

கன்றின் பக்கத்தில் ஒரு முட்டியைக் கழுத்துவரை புதைத்து வைக்கச் சொன்னவரும் அவர்தான். சுட்ட மண்முட்டியில் தண்ணீரை நிரப்பிச் சிரட்டையால் மூடிவிட்டால், அது கசிந்து கசிந்து வேர் இருக்கிற ஆழத்திலேயே ஈரத்தைக் கொடுக்கும். மேல்மண் காய்ந்தே கிடக்கும், அதனால் வெயில் எடுத்துக்கொண்டு போவதும் குறைவு, புல் முளைப்பதும் குறைவு. முட்டிக்கு வழியில்லாத இடத்தில் பிளாஸ்ரிக் போத்தலின் அடியை வெட்டித் தலைகீழாகப் புதைக்கிறோம், மூடியில் ஊசித் துளை போட்டு. போத்தல் வெயிலில் உக்கி உடையும், இரண்டு வருடத்துக்குப் பிறகு மறக்காமல் பொறுக்க வேண்டும். எனக்கு முட்டிதான் விருப்பம்.

குழி வெட்டுவதைப் பற்றியும் அவர் சொன்னதையே செய்கிறோம். இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். கல் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடாமல் அலவாங்கால் இடித்து ஒரு வெடிப்பையாவது உண்டாக்க வேண்டும், வேருக்கு ஒரு வழி போதும். எங்கள் தாத்தாமார் கல்லைக் கிளப்பிக் கிளப்பித்தான் இந்தச் செம்மண் தோட்டங்களையே உண்டாக்கினார்கள். அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க வைத்து இரண்டு வரிசை. தென்னம்பிள்ளைக்குச் செய்வதுதான், வேம்புக்கும் இலுப்பைக்கும் ஏன் செய்யக் கூடாது? மழைத் தண்ணீரைப் பஞ்சுபோல் பிடித்து வைத்திருக்கும். மேல்மண்ணோடு உக்கிய எருவைக் கலந்து மூடி, கறையான் உள்ள இடமென்றால் வேப்பம் பிண்ணாக்கு ஒரு பிடி. மேலே சருகு, தண்டைத் தொடாமல். தென்மேற்குப் பக்கத்தில் காய்ந்த பனங் காவோலை ஒன்றைச் சரித்து ஊன்றி விடுகிறோம். வைகாசியில் தொடங்குகிற சோளகம் ஆவணி தாண்டியும் ஓயாது. இலையிலுள்ள ஈரத்தை உறிஞ்சி எடுக்கிற காற்று அது. ஒரு காவோலை அதை மறிப்பது கண்ணுக்குச் சின்ன வேலையாகத் தெரியும். அதே வரிசையில் ஓலை வைத்ததையும் வைக்காததையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், விடாமல் செய்யுங்கள்.

எப்போது நடுவது என்பதில் எனக்கு ஊரோடு இன்னும் சண்டை இருக்கிறது. நிகழ்ச்சிகள் எல்லாம் கார்த்திகைக் கடைசியில் வருகின்றன. அப்போது நட்டால் மழை இன்னும் ஒரு மாதம், கூடினால் ஒன்றரை. ஐப்பசியில் முதல் பெருமழை மண்ணை ஒரு முழம் நனைத்தவுடனே நட்டால் வேருக்குப் பத்துப் பன்னிரண்டு கிழமை ஈரம் கிடைக்கும். அந்த ஐந்து ஆறு கிழமை வித்தியாசம்தான் ஆவணியில் தெரிகிறது. ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழியைச் சிலர் சொல்வார்கள். எங்கள் ஆடி வரண்ட ஆடி. எங்கள் வயலே காலபோகம் என்கிற மாரிப் பயிர் ஒன்றை நம்பித்தான் இருக்கிறது. பள்ளக்காணி மட்டும் விதிவிலக்கு. அங்கே ஐப்பசியில் நட்டால் வெள்ளம் நின்று அழுகும், மார்கழியில் தண்ணீர் வடியத் தொடங்கும்போது நட வேண்டும். அங்கேயும் வேம்பை வைக்காதீர்கள், வேர் தண்ணீரில் நின்றால் வேம்பு தாங்காது. எங்கள் குளக்கரையில் வைத்த வேம்பு முப்பதும் அப்படித்தான் போயின. குளக்கரைக்கு மருது, நாவல். உவர் அடிக்கிற கடற்கரைப் பக்கத்துக்குப் பூவரசு. மேட்டுச் செம்மண்ணில் வேம்பு, புளி, இலுப்பை.

இப்போது கன்றை நாங்களே போடுகிறோம். வேப்பம்பழம் ஆனி, ஆடியில் விழும். வேப்பங்கொட்டையை வைத்திருக்க முடியாது, கிழமைகள் போகப் போக முளைக்கும் சக்தி போய்விடும். பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி உடனே போட வேண்டும். இலுப்பையும் அப்படியே. நாவலும் அப்படியே. புளியங்கொட்டை பொறுமையானது, போத்தலில் போட்டு வைத்து ஆறுதலாக ஒரு இரவு ஊறவிட்டுப் போடலாம். கொன்றையின் தோல் கல்லுமாதிரி. அரத்தால் ஒரு ஓரம் தேய்த்துவிட்டால்தான் தண்ணீர் உள்ளே போகும். ஆடியில் போட்ட வேம்பு ஐப்பசியில் முக்கால் அடி, ஒரு அடி. பார்க்கிறவர்கள் "இதையோ நடப்போறியள்?" என்று கேட்பார்கள். இதைத்தான். பைக்குள் வேர் வளைவதற்கு முன் மண்ணுக்குப் போகிற கன்று அது. நடுகைக்கு மூன்று கிழமைக்கு முன்பே நிழலிலிருந்து வெளியே எடுத்துத் தண்ணீரையும் குறைத்துவிடுகிறோம், வெயிலைப் பழக்க. நடும்போது பையின் அடியைப் பார்ப்போம். சுருண்ட வேர் இருந்தால் கூரான கத்தியால் அந்தச் சுருளை வெட்டி எறிந்துவிட்டு நடுவோம். முதல் தரம் வெட்டும்போது கை நடுங்கியது. ஆனால் வெட்டிய இடத்திலிருந்து வேர் நேராகப் புறப்படும், வெட்டாத சுருள் பத்து வருடத்துக்குப் பிறகும் சுருள்தான். அப்படிப்பட்ட மரத்தை ஒரு புயல் அடியோடு சாய்த்துவிடும்.

பனையைப் பற்றி எழுதாமல் யாழ்ப்பாணத்தில் மரநடுகை பற்றி எழுத முடியாது. போர்க்காலத்தில் பதுங்குகுழிக்காகத் தறிக்கப்பட்ட பனைகளின் இடம் எங்கள் ஊரில் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. பனைக்கு நாற்றுமேடையே வேண்டாம். ஆவணி, புரட்டாதியில் விழுகிற பழத்தின் கொட்டையை எடுத்து, முதல் மழையோடு நிலத்தில் புதைத்துவிட வேண்டும். முளை மேலே வராது, கீழே போகும். இலை தலை காட்டுவதற்குள் அது தனக்கு வேண்டிய ஆழத்துக்குப் போய்க் கிழங்கையும் வைத்துவிடும். நான் வேம்புக்குச் செய்ய முயல்கிற எல்லாவற்றையும் பனை பிறப்பிலேயே கற்றுக்கொண்டு வருகிறது. நாங்கள் போட்ட பனைக்குத் தண்ணீர் ஊற்றியதே இல்லை. ஆடியில் காய்ந்த புல்லில் நெருப்பு வராமல் பார்த்ததும், பிள்ளைகள் கிழங்குக்காகத் தோண்டாமல் சொல்லி வைத்ததும் மட்டும்தான். பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்பார்கள். அப்பு போன வருடமும் நூறு கொட்டை புதைத்தார்.

ஆட்டுக்கு வருகிறேன். கட்டாக்காலி மாடும் ஆடும்தான் கன்றுகளுக்கு எமன் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் சொன்னேன். எங்கள் ஒழுங்கையில் ஆடு வளர்க்கிற மாமி ஒருவர் இருக்கிறார். ஏழெட்டு ஆடுகள். கணவர் இல்லை, அந்த ஆடுகள்தான் அவருடைய வருமானம். முதல் வருடம் அவரோடு நான் கோபமாகப் பேசியிருக்கிறேன். "ரீச்சர், ஆட்டுக்கு நான் என்னத்தைக் குடுக்க? குழைக்கு எங்கை போக?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. முன்பு இந்த ஊரில் ஒவ்வொரு வளவின் வேலியும் கதியால் வேலி, உயிர்த்தடி ஊன்றித் தளிர்க்கவிட்ட வேலி. கிளுவை, முள்முருக்கு, பூவரசு, சீமைக்கிளுவை. வேலியை வெட்டினால் ஆட்டுக்குக் குழை, மிச்சம் தோட்டத்து மண்ணில் பசளையாகத் தாழ்க்க. நாங்கள் திரும்பி வந்து எல்லாரும் மதிலும் கம்பியும் போட்டுவிட்டோம். ஆடு எங்கே போகும்?

அதனால் இரண்டாம் வருடம் முதல் வேலையாகக் கதியால் போட்டோம். கோயில் தறையின் மூன்று பக்கமும் முள்முருக்கும் சீமைக்கிளுவையும், வேர் விடும்வரை கொப்பு அலம்பல் கட்டி. கதியாலுக்குக் கன்று வேண்டாம், கை மொத்தத் தடியை வெட்டி ஊன்றினால் மழையில் தளிர்க்கும். வெட்டுகிற உரிமை முழுவதும் மாமிக்கு என்று பேசினோம். இன்று அந்த வேலிக்குள் ஆடு போனால் முதலில் சத்தம் போடுகிறவர் அவர்தான். எங்கள் மூன்று தண்ணீர்க்காரரில் ஒருவரும் அவர்தான். மற்ற இருவர், உயர்தரம் படிக்கிற ஒரு பெடியனும் என் அம்மாவும்.

காசு விஷயத்தில் எனக்கு வழி காட்டியது கென்யா. வங்காரி மாத்தாய் 1977இல் அங்கே தொடங்கிய பசுமைப் பட்டி இயக்கத்தில், கிராமத்துப் பெண்களுக்குக் கன்று பிழைத்து நின்றால்தான் ஒரு சிறு தொகை கொடுத்தார்கள், நட்டதற்கு அல்ல. இதை வாசித்த அன்று இரவே கனடாவில் இருக்கிற என் மச்சாளுக்கு எழுதினேன்: காசை ஒரேயடியாக அனுப்ப வேண்டாம், மூன்றில் ஒரு பங்கை ஐப்பசிக்கு அனுப்புங்கள், மிச்சத்தை அடுத்த ஆவணியில் எண்ணிச் சொன்ன பிறகு, உயிரோடு நிற்கிற கன்றின் கணக்குக்கு அனுப்புங்கள். அவருக்கு முதலில் விளங்கவில்லை. படம் கேட்டார். ஆவணியில் படம் அனுப்புகிறேன் என்றேன். இன்றுவரை அந்த ஒழுங்கில்தான் நடக்கிறது. ஆவணிக் காசில் மாமிக்கும் பெடியனுக்கும் கன்றுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறோம். அம்மா வாங்குவதில்லை.

இது எங்கள் ஊர்ப் பிழை மட்டும் இல்லை. துருக்கியில் 2019 நவம்பர் 11 அன்று ஒரு கோடியே பத்து இலட்சம் கன்றுகளை நட்டார்கள். சில மாதங்களில் அங்குள்ள வனத்தொழிலாளர் சங்கம் தாங்கள் போய்ப் பார்த்த கன்றுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை பட்டுவிட்டன என்றது. அரசு அதை மறுத்தது. யார் சொன்னது சரியாக இருந்தாலும், நடுகிற நாளுக்கு இருக்கிற திகதியும் விழாவும் எண்ணுகிற நாளுக்கு இல்லை. கார்த்திகை மாதிரி ஆவணிக்கும் ஒரு நாள் குறித்து, அதே பதாகையோடு, அதே விருந்தினர்களோடு, அதே கன்றடியில் வந்து நிற்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

2022ஐ, அந்தப் பொருளாதார நெருக்கடி வருடத்தை, மட்டும் சொல்லிவிடுகிறேன். பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. அந்த ஆவணியில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாகியது. தோட்டக்காரர்களே இறைக்க முடியாமல் பயிரை விட்டுக்கொண்டிருந்தபோது மரக்கன்றுக்கு இறைக்கிற மெசினைப் போடு என்று எவரிடமும் கேட்க முடியாது. அம்மாவும் மாமியும் கயிற்று வாளியால் அள்ளினார்கள். பள்ளிக்கூடம் பாதி நாள் இல்லை, நானும் அள்ளினேன். அந்த வருடம் கணக்கில் 90. ஒரு ஆளுக்கு முப்பது. முடிந்தது. 640 என்றால் மூன்று பேரால் அள்ளியிருக்கவே முடியாது. அந்த ஆவணியில் எண்ணியபோது 90இல் 74 நின்றது.

இந்த ஐப்பசிக்கும் தொண்ணூறு குழி வெட்டி வைத்திருக்கிறோம். போன கிழமை ஒரு லொறி வந்து வாசிகசாலை முன்னால் நின்றது. யாரோ ஒருவர் தன் தகப்பனாரின் ஆண்டுத் திவசத்துக்காக ஐந்நூறு கன்று அன்பளிப்புச் செய்திருக்கிறார். நல்ல மனம். நல்ல கன்றுகளும்கூட, வேம்பும் மருதும் இலுப்பையும். எங்கள் நாற்றுமேடையில் ஏற்கெனவே அறுபது இருந்தன. லொறியில் இருந்து முப்பதை மட்டும் தெரிந்தெடுத்து இறக்கினேன், பை அடியை ஒவ்வொன்றாகப் பார்த்து. சாரதித் தம்பி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"மிச்சத்தை என்ன செய்யிறது ரீச்சர்? எல்லாத்தையும் இறக்கச் சொல்லித்தான் சொன்னவை."

"நிழலிலை வைச்சுத் தண்ணி ஊத்தச் சொல்லுங்கோ தம்பி. அடுத்த மாசத்துக்குள்ளை பெரிய பைக்கு மாத்தச் சொல்லுங்கோ, இல்லாட்டில் வேர் சுருண்டுபோடும். எங்கடை ஆவணிக் கணக்கு முடிய நான் ஆளனுப்பிறன்."

அவர் என் நம்பரை லொறிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனார்.